சனிக்கிழமை ஒரு நாள்: மட்டக்களப்பிலிருந்து எங்கே போய் வரலாம்?

பதுளைக்காரி | வெள்ளி இரவு 9.40
வணக்கம். வேலை மாற்றலாகி மட்டக்களப்புக்கு வந்து எட்டு மாதமாகிறது. புறப்படும்போது அம்மா, "அங்கே பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், கவனம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். போனவர்களை ஊர் திரும்ப விடாது என்று அர்த்தமாம். இன்னும் ஒட்டவில்லை. ஊரைப் பார்த்தால்தானே ஒட்டுவதற்கு!

வீட்டில் நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமி. ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. நாலு பேரும் போவதென்றால் பஸ் அல்லது ஓட்டோ. இதுவரை கல்லடிக் கடற்கரைக்கு ஆறு தடவை, பாசிக்குடாவுக்கு இரண்டு தடவை போயாயிற்று. மகன் இப்போது "திரும்பவும் கடலா?" என்று முகத்தைச் சுளிக்கிறான். காலையில் போய் இருட்டுக்குள் திரும்பக்கூடிய இடங்கள் சொல்லுங்கள். திருவிழா, சின்ன ஊர், சாப்பாடு, எதுவானாலும் சரி. மாமிக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது.

வேன்காரன்77 | வெள்ளி இரவு 10.05
இதற்கு நான்தான் ஆள். விடியக் காலை 4 மணிக்குப் புறப்படுங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் முருகன், பொத்துவில், அறுகம்பை, லகுகலையில் யானை, மகுல் மகா விகாரை, திரும்பிப் பாணமை, உகந்தை மலை. இரவு 11க்கு வீடு. எத்தனையோ குடும்பங்களைக் கூட்டிப் போயிருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

கச்சான்கொட்டை | வெள்ளி இரவு 10.11
குறை சொல்வதற்கு விழித்திருக்க வேண்டுமே அண்ணன். பின்சீட்டில் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூக்கம்.

எழுவான் | வெள்ளி இரவு 11.30
தங்கச்சி, அந்தப் பட்டியலை ஒரே நாளில் முடித்தால் உங்களுக்கு ஞாபகம் இருக்கப்போவது வேன் சீட்டின் உறை மட்டும்தான். நான் வேறு மாதிரிச் சொல்கிறேன்.

இந்த ஊர் இரண்டு கரை. வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். மறுபக்கம் படுவான்கரை. எட்டு மாதமாக நீங்கள் எழுவான்கரையிலேயே நின்றிருக்கிறீர்கள். பெரிய வீதி, கடை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் இந்தப் பக்கம்தான். வயல், மாட்டுப் பட்டி, தயிர், பழைய கோயில், கூத்து என்றால் தண்ணீரைக் கடந்து போக வேண்டும். அதனால் நான் பிள்ளைகளோடு போகும்போது வைத்திருக்கும் கணக்கு, ஒரு நாளைக்கு ஒரு துறை. எந்தத் துறையால் கடக்கிறோமோ அதற்கு அந்தப் பக்கம் இருப்பதை மட்டும் பார்ப்பது.

இரண்டாவது, இடத்தைப் படத்தில் தேடாதீர்கள், கலண்டரில் தேடுங்கள். இங்கே ஒரே ஊர் ஆவணியில் ஒரு முகம், மாசியில் இன்னொரு முகம். திருவிழாவுக்குப் போன கோயிலைச் சாதாரண சனிக்கிழமையில் பார்த்தால் அடையாளமே தெரியாது.

முதல் பயணத்துக்கு மண்டூர் முருகன் கோயிலுக்குப் போங்கள். களுவாஞ்சிகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, குருமண்வெளிக்கு ஓட்டோ பிடித்து, அங்கிருந்து பாதையில் போனால் மண்டூர்.

பதுளைக்காரி | ஞாயிறு இரவு 8.15
போய் வந்துவிட்டோம். முதலில் ஒரு சண்டை பிடிக்க வேண்டும். எழுவான் அண்ணா, "பாதையில் போனால்" என்று எழுதினீர்கள். நாங்கள் மலைநாட்டு ஆட்கள், பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு. குருமண்வெளியில் ஓட்டோக்காரத் தம்பி எங்களை இறக்கிவிட்டு "இதுதான் பாதை" என்கிறார். முன்னால் தண்ணீர்! என் கணவர் ஐந்து நிமிடம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ரோட்டைத் தேடினார். கைப்பேசிப் படத்திலும் தண்ணீருக்கு மேலே ஒரு கோடு போகிறது. கடைசியில் தண்ணீருக்கு நடுவே பலகைத் தளம் ஒன்று மெதுவாக வருகிறது. அதன்மேல் மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு சைக்கிள், இரண்டு நெல் மூட்டை, குடை பிடித்தபடி ஓர் அம்மா. அதுதான் பாதையாம்.

கச்சான்கொட்டை | ஞாயிறு இரவு 8.20
😂😂 வந்து எட்டு மாதமாகியும் பாதை தெரியாதா! படகுப்பாதை என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். இங்கே யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

எழுவான் | ஞாயிறு இரவு 8.41
பிழை என்னுடையதுதான். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய சொல், அதற்கு விளக்கம் தேவைப்படும் என்று தோன்றவேயில்லை. மண்முனையிலும் பாதைதான் ஓடியது. 2014இல் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்கு எல்லாரும் சும்மா பறக்கிறார்கள். குருக்கள்மடம், அம்பிளாந்துறைப் பக்கமும் பாதை உண்டு. சரி, மண்டூரில் என்ன பார்த்தீர்கள்?

பதுளைக்காரி | ஞாயிறு இரவு 9.30
முதலில் பாதை. தளம் கரையைத் தொடும்போது முன்பக்கத் தட்டு மண்ணில் உரசி ஒரு சத்தம். மாமி ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டார். மூட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "வாங்கம்மா, இதுல எங்கட பசுமாடே போகுது" என்று கையைக் கொடுத்தார். மாமிக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை, ஏறிவிட்டார். அப்புறம் திரும்பி வரும்போது முதலில் ஏறி நல்ல இடம் பிடித்ததும் அவர்தான்.

கோயிலில் கப்புகனார் (பூசகர்) வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்தார். திரை விலகவே இல்லை, மந்திரச் சத்தமும் இல்லை. கதிர்காமத்துக்குப் பதுளையிலிருந்து வருடா வருடம் போய்ப் பழகியவர்கள் நாங்கள், அங்கே பார்த்ததுதான். ஆனால் வாவிக் கரையில், ஆட்களே இல்லாத ஒரு சனிக்கிழமையில் அதைப் பார்ப்பது வேறு. மகன் சத்தமாக, "அம்மா, ஐயாவுக்குப் பல்வலியா?" என்று கேட்டுவிட்டான். மாமி அவன் வாயைக் கையால் பொத்தினார். அந்த நேரம் அங்கே வாய் பொத்தியிருந்தவர்கள் இரண்டு பேர்.

படுவான்கரை வாசி | ஞாயிறு இரவு 10.02
எங்கட பக்கம் வந்ததுக்குச் சந்தோசம். சின்னக் கதிர்காமம் என்று சொல்வது அதனால்தான். ஆவணிப் பூரணையில் தீர்த்தம், அப்போது வந்து பாருங்கள். இப்போது பார்த்த அமைதிக்கு நேர் எதிர். பாதையில் ஏற வரிசை நிற்கும், கச்சான் கடை, அல்வாக் கடை, பலூன் என்று கரையே தெரியாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், காற்றும் மழையும் கடுமையான நாளில் பாதை ஓடாது. கார்த்திகை, மார்கழியில் இந்த வழியை நம்பி வராதீர்கள்.

நண்டுக்கறி | திங்கள் காலை 7.10
சாப்பாடு பற்றி யாருமே பேசவில்லையே? வாவி நண்டு, இறால் சாப்பிடாமல் என்ன பயணம்? பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பின்னேரம் கோயிலுக்குப் போகலாமே.

படுவான்கரை வாசி | திங்கள் காலை 7.25
தம்பி, மச்சம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிற யோசனையை வெளியூர் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். காலையில் கோயில், அதற்குப் பிறகு நண்டு. திருவிழா நாளென்றால் அன்று முழுக்கச் சைவம், நண்டை அடுத்த கிழமைக்கு வையுங்கள்.

நண்டுக்கறி | திங்கள் காலை 7.31
சரி சரி, மன்னிக்கவும். ஆனால் ஒன்று, வீதியோரக் கடையில் விலை கேட்காமல் உட்காராதீர்கள். போன மாதம் கடற்கரைப் பக்கம் ஓர் இடத்தில் நாலு பேருக்கு நண்டு சொன்னோம். வந்த பில்லைப் பார்த்து மச்சான் ஓட்டு எது, சதை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மென்றான்.

மருதமுனை மைந்தன் | திங்கள் மாலை 6.00
எல்லாரும் மேற்கே இழுக்கிறீர்கள், தெற்கேயும் ஊர் இருக்கிறது. தங்கச்சி, கல்முனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். மேடையில் ஏறுகிறவர்கள் தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்வார்களே, அது அந்தப் பஸ்ஸில் கண்ணுக்குத் தெரியும். கல்லாறு, பெரியநீலாவணை, அப்புறம் எங்கள் மருதமுனை, உடனே பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகை பார்த்துத்தான் சொல்லலாம். கோபுரம் வரும், மினாரா வரும், திரும்பக் கோபுரம்.

மருதமுனையில் இறங்கினால் கைத்தறி. முன்னைப்போல வீட்டுக்கு வீடு சத்தம் இல்லை, ஆனாலும் தறி ஓடுகிற வீடுகள் உண்டு. ஒரு சாரத்தையோ சாரியையோ கையில் எடுத்துப் பாருங்கள், நெசவு விளங்கும். பிள்ளையைத் தறிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள், ஓடம் இங்குமங்கும் ஓடுவதைப் பார்த்தால் கைப்பேசியை மறந்துவிடுவான்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் வருடத்துக்கு ஒரு தடவை, நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக. 12 நாள் கொடி பறக்கும். கணக்குப் பிறைக் கணக்கு என்பதால் ஆங்கில மாதத்தில் அது வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். பக்கத்து ஊர் ஆட்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலோ எங்கள் பக்கத்திலோ பகலில் சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்காதீர்கள். அதே மாதத்தில் இரவு வாருங்கள், நடக்க இடம் இருக்காது.

பதுளைக்காரி | திங்கள் இரவு 8.50
நன்றி காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இப்படித்தானே கூப்பிடுகிறார்கள்). காத்தான்குடி வழியாகத்தான் தினமும் போகிறேன், வீதி நடுவே ஈச்சமரம் நிற்பதைத் தவிர ஒன்றும் பார்த்ததில்லை.

மருதமுனை மைந்தன் | திங்கள் இரவு 9.05
அங்கே ஒரு நூதனசாலை இருக்கிறது, பழைய வீட்டுச் சாமான், உடை, தொழில் கருவி எல்லாம் வைத்திருக்கிறார்கள். மழை நாளுக்கு நல்ல இடம். வரும்போது மஸ்கட் என்கிற இனிப்பு வாங்குங்கள், கையில் எண்ணெய் ஒட்டும், தின்னத் தின்ன நிறுத்த முடியாது.

கல்லடி நிலா | செவ்வாய் இரவு 7.45
எங்கள் வாவியின் பாடும் மீனைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கச்சான்கொட்டை | செவ்வாய் இரவு 7.52
கேட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

கல்லடி நிலா | செவ்வாய் இரவு 8.10
நான் கேட்டிருக்கிறேன். கோடை காலத்துப் பூரணை, நடுச்சாமம், காற்று இல்லாத நேரம், பழைய கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். பாட்டு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். வீணையில் ஒரு தந்தியைச் சுண்டிவிட்டால் கடைசியில் மிஞ்சுமே, அந்த ஓசை மாதிரி. மீனா, சிப்பியா, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குக் கேட்டது, அது போதும்.

அப்புறம், கடற்கரை அலுத்துவிட்டது என்று மகன் சொன்னானாம். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் 2004 சுனாமியில் சாய்ந்த கோபுரத்தைக் காட்டினீர்களா? முகத்துவாரம் வெளிச்சவீட்டுக்கும் கூட்டிப் போங்கள், 1913இல் கட்டியது. கடலைப் பாராமல் வாவி கடலோடு சேரும் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

எழுவான் | புதன் இரவு 9.20
வைகாசி வருகிறது. இனி இரண்டு மூன்று கிழமைக்கு எங்கும் போகாமல் கண்ணகி அம்மன் சடங்கு பார்க்கலாம். இது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தின் சொந்தச் சொத்து, வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை.

பூட்டியகதவு | புதன் இரவு 9.33
கலண்டரைப் பார்க்காமல் போனவன் நான்தான். கண்ணகி கோயில் பார்க்க வேண்டும் என்று ஆனி மாதத்தில் கொழும்பிலிருந்து வந்து, பூட்டிய கதவையும் வேலியில் கட்டியிருந்த ஆட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பெயர் அதிலிருந்து வைத்ததுதான்.

படுவான்கரை வாசி | புதன் இரவு 10.15
பல கண்ணகி கோயில்களில் வருடத்தில் அந்த ஒரு கிழமைதான் கதவு திறக்கும். "கதவு திறத்தல்" என்று அதற்கே பெயர். பிறகு கல்யாணக்கால் (கண்ணகி கல்யாணத்துக்கான கம்பம்) நடுவார்கள். இரவில் அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டுக் கோபம் அடங்காமல் வந்தவளை ஆற்றிக் குளிரவைப்பதுதான் கடைசி நாள் குளிர்த்தி. பெரும்பாலும் வைகாசிப் பூரணையை ஒட்டி வரும், ஆனால் ஊருக்கு ஊர் நாள் வேறு. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று பெரிய கோயில்கள் இருக்கின்றன. கூட்டம் வேண்டாமென்றால் சின்ன ஊராகத் தேர்ந்தெடுங்கள்.

வயசான ஆட்களிடம் கொம்பு விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும், வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள், ஒன்று முறியும் வரைக்கும். இப்போது அருமையாகிவிட்டது. கதை சொல்லத் தொடங்கினால் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், எங்கள் அப்பப்பா எந்தச் சேரி தோற்றது என்று கடைசி வரை சொல்லவே இல்லை.

காரைதீவுக்குப் போனால் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் அதுதான் என்று மகனுக்குச் சொல்லுங்கள். 1892இல் அங்கே பிறந்தவர், சமாதி உங்கள் கல்லடி உப்போடையில்.

வேன்காரன்77 | வியாழன் இரவு 9.00
எல்லாரும் என்னை மறந்துவிட்டீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன், அந்தப் பட்டியல் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் உகந்தை முருகன் கோயிலை விட்டுவிடாதீர்கள், அது மட்டும் தனி நாள். ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் அங்கே வந்து கூடி, குமண, யால காட்டு வழியால் நடப்பார்கள். அந்தச் சில நாட்கள் அந்தக் கடற்கரைக் காட்டில் ஒரு பட்டணமே எழும்பும். வள்ளிமலையில் பாறைச் சுனைகள் இருக்கின்றன. உங்கள் மாமி மலையடியில் இருக்கட்டும், கோயில் கீழேதான். பொத்துவிலில் எண்ணெய் அடித்துக்கொள்ளுங்கள். பாணமைக்கு அங்கால் யானை வீதியைக் கடக்கும், பொழுது சாய முன் திரும்பிவிட வேண்டும். எத்தனை வருட அனுபவமிருந்தாலும் நான் இருட்டில் அந்த ரோட்டில் ஓடுவதில்லை.

இன்னொன்று இங்கினியாகலை. கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளம். படகில் போனால் யானை தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால். பையனுக்கு இதுதான் பிடிக்கும்.

எழுவான் | வியாழன் இரவு 9.25
இப்போதுதான் அண்ணன் வாயிலிருந்து நல்ல தகவல் வந்தது. ஆடி அமாவாசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமிர்தகழி மாமாங்கக் கோயிலிலும் தீர்த்தம், திருக்கோவிலிலும் அன்றைக்கே கடலில் தீர்த்தம். இரண்டையும் பார்க்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாமாங்கத்துக் குளத்தில் நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் இறந்த அப்பாவுக்காக வந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெடியன்கள் ராட்டினத்துக்காக வருவார்கள், நான் அப்பாவுக்காகப் போவேன்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பு புரட்டாதிப் பக்கம். 18 நாள், பாரதக் கதை முழுக்கச் சடங்காகவே நடக்கும், வனவாசம் போவதுகூட. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

பதுளைக்காரி | ஐந்து கிழமைக்குப் பிறகு, ஞாயிறு காலை 6.50
குளிர்த்தி பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். ஊர்ப் பெயர் எழுதவில்லை, சின்ன ஊர், அடுத்த வருடம் நீங்களெல்லாம் வந்து நெருக்குவீர்கள். மாமி சாமம் முழுவதும் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பாயின் பாதியை உதறி விரித்து, "இதில இருங்க மாமி" என்று சொன்னார். முழங்காலை நீட்டுவதற்குத் தன் பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் கிடத்தினார். உடுக்குச் சத்தம், வேப்பிலை வாசம், ஒரே இழுவையில் போகிற அந்தக் குளிர்த்திப் பாட்டு. மகன் தூங்கிவிட்டான், உடுக்கு நின்ற உடனே விழித்துவிட்டான். அம்மாவுக்கு விடிய போன் எடுத்துச் சொன்னேன், பாயோடு ஒட்டிவிட்டது என்று. மாமிக்குத்தான் ஒட்டியிருக்கிறது!

படுவான்கரை வாசி | ஞாயிறு காலை 7.30
கேட்கவே வயிறு நிறைந்துவிட்டது. அடுத்தது கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர், தேரோடும் கோயில். கல் நந்தி புல் தின்று பறங்கியரை (போர்த்துக்கேயரை) விரட்டிய கதையைக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி. தேர் ஆவணி, புரட்டாதியை ஒட்டி. திரும்பும்போது முட்டித் தயிர் (மண்சட்டித் தயிர்) வாங்காமல் மண்முனைப் பாலத்தைத் தாண்டினால் உங்களோடு கோபம்.

பதுளைக்காரி | அடுத்த சனி இரவு 8.20
தேருக்கு மூன்று மாதம் பொறுக்க முடியவில்லை, இன்றைக்கே போய்விட்டோம். பெரிய கூட்டமில்லை. நந்தியின் வாயருகே மகன் கொஞ்சம் புல் வைத்துவிட்டுக் கால்மணி நேரம் காவல் நின்றான். இரண்டு முட்டி எருமைத் தயிர் வாங்கினோம். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் மாமியின் சேலையில் கொஞ்சம். வீட்டில் பதுளையிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) இருந்தது. கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டிய இடம் அப்படியே நிற்கிறது, அதன்மேல் பாணி வழிகிறது. ஒரு முட்டி முடிந்தது. இப்போது ஒரு சந்தேகம், வெறும் முட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

படுவான்கரை வாசி | சனி இரவு 8.34
வேண்டாம், பூக்கன்று வையுங்கள். எங்கட வீட்டில் பதினேழு முட்டியில் பூக்கன்று நிற்கிறது.

கச்சான்கொட்டை | சனி இரவு 8.36
அக்கா, மற்ற முட்டி இன்னும் இருக்கிறதா? வீடு எந்தப் பக்கம்?